குளிர்மலைச் செலவு

தென்காசி மாவட்டத்தில் சிவகிரிக்கும் வாசுதேவநல்லூருக்கும் அண்மையில் ராயகிரி என்னும் பேரூர் உள்ளது. கிரி என்பது மலையைக் குறிக்கும் சொல். தன் பெயரிலேயே மலையைத் தாங்கி நிற்கும் அவ்வூருக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலை நெடுமதில்போல் உயர்ந்து நிற்கின்றது. வயலில் வெயில் சுட்டெரிக்கும் வேளையிலும் அம்மலையின் முகட்டில் முகில்கள் படிந்திருப்பதைக் காணலாம். அம்முகட்டுக்கு அப்பால் பெய்யும் மழை மேற்கு நோக்கி ஓடிக் கேரளத்தைச் சேர்கின்றது. பெரியாறு பிறப்பதும் சிவகிரி மலைத் தொடரிலேயே என்பர். வெயிலும் குளிரும் ஒரே பார்வையில் அடங்கும் இத்தகைய ஊர்களில் வாழும் இளைஞர்க்கு, மலையேறிப் பார்க்கவேண்டும் என்னும் ஆவல் எழுதல் இயல்பே.

செலவு என்றவுடன் இந்நாளில் நமக்குப் பணமே நினைவுக்கு வருகின்றது. பழந்தமிழில் அச்சொல் செல்லுதலையும் பயணத்தையும் குறித்தது. மலைவழிச் செல்வோர்க்கு வழிகூறும் நூல் ஒன்றும் நம் முன்னோரிடம் இருந்தது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாமே அது. நன்னன் என்னும் தலைவனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தரை, அவனிடம் முன்னரே பரிசில் பெற்று மீண்டவர் ஆற்றுப்படுத்துவதாக அமைந்த பாட்டு அது. பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் இருக்கும். தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்கள் பாய்ந்து வரும். நீரருகே பாசி படிந்த இடங்கள் காலை வழுக்கும் என்றெல்லாம் அந்நூல் எச்சரிக்கின்றது. அக்கூத்தர் தனியே செல்லவில்லை. சுற்றம் சூழச் சென்றனர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

மலை ஏன் குளிர்கின்றது? கதிரவனுக்கு அருகில் செல்லச் செல்ல வெப்பம் மிகவேண்டும் அன்றோ எனச் சிலர் வினவுவர். கதிரவனோ பதினைந்து கோடி கிலோமீட்டர் தொலைவில் உள்ளான். நாம் ஏறும் ஓரிரு கிலோமீட்டர் அத்தொலைவுக்கு முன் ஒரு பொருட்டன்று. கதிரவனின் ஒளி முதலில் நிலத்தையே சூடாக்குகின்றது. நிலம் தன்மேல் உள்ள காற்றைச் சூடாக்குகின்றது. சூடேறிய காற்று மேலெழும்போது, மேலே அழுத்தம் குறைவாதலின் விரிகின்றது. விரியும் காற்றுக் குளிர்கின்றது. இக்காரணத்தால் ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சராசரியாக ஆறரை டிகிரி வெப்பம் குறையும். அகத்தியர் மலை எனப்படும் பொதிகை முகட்டின் உயரம் 1868 மீட்டர். உதகையின் தொட்டபெட்டா 2637 மீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே உயர்ந்த ஆனைமுடி 2695 மீட்டர். அடிவாரத்தில் 32 டிகிரி வெப்பம் இருக்கும்போது, அங்கிருந்து ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஏறியவர்க்கு வெப்பம் ஏறத்தாழ 22 டிகிரியே இருக்கும்.

இருபத்திரண்டு டிகிரி இனிய தட்பமே. இதற்கு அஞ்சுவானேன் என்று தோன்றலாம். மலையின் சூழ்ச்சி இங்கேதான் உள்ளது. குற்றாலத்தில் சாரல் வீசும் ஆனி, ஆடி மாதங்களை எண்ணிப் பாருங்கள். அருவியில் நீராடி ஈர உடையோடு காற்றில் நின்றவர்க்குப் பல் கிட்டும். நீர், காற்றைவிட ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு விரைவாக உடலின் வெப்பத்தைக் கவர்ந்து செல்லும். அதனோடு காற்றும் சேர்ந்தால், தோலை ஒட்டியுள்ள வெதுவெதுப்பான காற்றுப் படலமும் அகன்றுவிடும். அருவிக்கரையில் நிற்பவர் துடைத்துக்கொண்டு கடையில் சூடான தேநீர் அருந்தலாம். மலைமுகட்டில் மழையில் நனைந்தவர்க்குத் துடைக்கத் துணியும் இல்லை, ஒதுங்கக் கூரையும் இல்லை, இரவோ வந்துகொண்டிருக்கும். ஆகவே, நீர் உறையும் நிலைக்குக் குளிர் செல்லாத இடத்திலும் ஈரமும் காற்றும் களைப்பும் சேர்ந்தால் உயிருக்கு இடர் நேரலாம்.

மனித உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி. அது 35 டிகிரிக்குக் கீழே இறங்குமானால் உடல் குளிர்ந்தொடுங்கும் நோய் தொடங்கிவிட்டது என்று மருத்துவர் கொள்வர். முதலில் நடுக்கம் உண்டாகும். நடுக்கம் என்பது தசைகள் தாமே அசைந்து வெப்பம் உண்டாக்கும் முயற்சியாகும். பின்னர் விரல்கள் பணிய மறுக்கும். சட்டைப் பொத்தானைப் போடவும் இயலாது. நாக்குக் குழறும். கால் தடுமாறும். அதன்பின் நடுக்கம் நின்றுவிடும். நடுக்கம் நின்றதும் நோய் நீங்கியது என எண்ணுதல் பெரும்பிழை. உடல் தன் போராட்டத்தைக் கைவிட்டது என்பதற்கே அது அறிகுறி. இந்நிலையில் மனமும் மயங்குவதால், ‘எனக்கு ஒன்றுமில்லை, சற்றே அமர்ந்துவிட்டு வருகிறேன், நீங்கள் செல்லுங்கள்’ என்று நோயாளி கூறுவான். அச்சொல்லை நம்பி முன்செல்லும் கூட்டம் அவனை இழந்துவிடும்.

குளிர்மலைக்கு நண்பரோடு செல்லவேண்டும் என்பதன் உண்மைக் காரணம் இதுவே. பேச்சுத் துணைக்காகவும் சுமையைப் பகிர்ந்துகொள்வதற்காகவும் மட்டும் அன்று. தன் அறிவு மங்குவதைத் தானே அறிதல் எவர்க்கும் அரிது. அதனை அறிவதற்கு அருகில் மற்றொருவரின் கண் வேண்டும். ‘உன் பெயர் என்ன? இன்று என்ன கிழமை?’ என்று நடுவழியில் நண்பன் வினவினால் சினம் கொள்ளாதீர்கள். அவன் வேடிக்கை செய்யவில்லை, காவல் செய்கிறான்.

அவ்வாறு ஒருவன் குளிரால் ஒடுங்கினால், காற்றுப் படாத இடத்தில் அவனைச் சேர்த்து, ஈர உடையைக் களைந்து, உலர்ந்த உடை உடுத்தி, கம்பளியால் தலையையும் சேர்த்துப் போர்த்தல் வேண்டும். தரையின் குளிர் ஏறாதபடி கீழேயும் விரித்தல் வேண்டும். மற்றொருவர் அவனோடு ஒட்டிப் படுத்துத் தம் உடற்சூட்டை அளிக்கலாம். நன்கு விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் சருக்கரை மிகுந்த வெந்நீர்ப் பானம் தரலாம். மது குளிரைப் போக்கும் என்று சிலர் நம்புவர். அது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, உள்ளிருக்கும் வெப்பத்தையும் வெளியே விட்டுவிடும்.

உடையைப்பற்றிச் சில சொல்லவேண்டும். தடித்த சட்டை ஒன்றைவிட, ஒன்றன்மேல் ஒன்றாக அணியும் மெல்லிய சட்டைகள் மூன்று சிறந்தவை. அவற்றினிடையே அடைபட்டிருக்கும் காற்றே வெப்பத்தைக் காக்கின்றது. ஏறும்போது வியர்த்தால் ஒன்றைக் கழற்றலாம். நின்றதும் மீண்டும் அணியலாம். நம் நாட்டு வெயிலுக்கு உகந்த பருத்தி, குளிர்மலைக்கு உகந்ததன்று. அது நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடலைக் குளிர்விக்கும். கம்பளியோ நனைந்த பின்னரும் ஓரளவு வெப்பம் காக்கும். எல்லாவற்றுக்கும் மேலே மழையும் காற்றும் புகாத மேலங்கி ஒன்று வேண்டும். உறங்குதற்குரிய உலர்ந்த உடை ஒன்றைத் தனியே நீர் புகாத பையில் கட்டி, எது நேரினும் பகலில் அதனைத் தொடாதிருத்தல் பழகிய மலைநடையர் வழக்கம்.

முதுகுப்பையின் எடை, சுமப்பவர் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மிகாதிருத்தல் நலம். அறுபது கிலோ எடையுள்ளவர் பன்னிரண்டு கிலோ சுமக்கலாம். கனமான பொருள்களை முதுகை ஒட்டி நடுவில் வைத்தால் பை பின்னே இழுக்காது. உணவில், எடை சிறிதும் ஆற்றல் பெரிதுமாக உள்ளவற்றைத் தேர்தல் வேண்டும். அவல், பொரிகடலை, பேரீச்சம்பழம் ஆகியவை நல்லவை. கோவில்பட்டிக் கடலைமிட்டாயைப் போன்ற மலையுணவை எந்நாட்டார் செய்துள்ளனரோ அறியேன். 2020-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதனை இரவு உணவுக்குப் பின் சிறிது உண்டு படுத்தால் உறக்கத்தில் குளிர் குறையும். கைவிளக்கு, திசைகாட்டி, ஊதல் ஆகியவற்றை ஒவ்வொருவரும் தம்மிடமே வைத்திருத்தல் வேண்டும். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதுதல் இடர்க்குறியாக மலைநாடுகளில் வழங்குகின்றது. கைப்பேசி வழிகாட்டும்; ஆயினும் கடுங்குளிரில் அதன் மின்கலம் விரைவில் ஓய்ந்துவிடும்; மலைமடிப்புகளில் தொடர்பும் கிடைக்காது. நம் பக்கத்து மழைக்காடுகளில் அட்டை கடிப்பதும் உண்டு. அது தொல்லையே அன்றி ஆபத்தன்று. யானையே ஆபத்து, அதனால்தான் காட்டை அறிந்த வழிகாட்டி இன்றிச் செல்லலாகாது.

நடக்கும் முறையிலும் ஓர் ஒழுங்கு உண்டு. வழியறிந்தவர் முன்னும், உடல்வலி மிக்க மற்றொருவர் பின்னும் செல்ல, ஏனையோர் இடையில் செல்லல் வேண்டும். மெதுவாக நடப்பவரே நடையின் அளவை வகுப்பவர். முன்சென்றோர் ஓரிடத்தில் இளைப்பாறிக் காத்திருந்து, பின்வந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்ததும் எழுந்து நடப்பதைப் பல குழுக்களில் காண்கின்றோம். இதனால் ஓய்வு வேண்டாதவர்க்கே ஓய்வு கிடைக்கின்றது, வேண்டியவர்க்குக் கிடைப்பதில்லை.

பொதிகைக்குச் செல்வோர் இவற்றையெல்லாம் சிறிய அளவில் பயிலலாம். இந்நாளில் அம்முகட்டுக்கு ஏறும் வழி கேரளப் பக்கத்துப் போனக்காட்டில் தொடங்குகின்றது. அம்மாநில வனத்துறை ஆண்டின் தொடக்க மாதங்களில் குறிப்பிட்ட எண்ணிக்கையினர்க்கு இசைவு வழங்குகின்றது. அதிருமலை என்னும் இடத்தில் இரவு தங்கி, மறுநாள் முகட்டை அடைவர். இறுதியில் உள்ள வழுக்குப் பாறைகளைக் கயிற்றைப் பற்றி ஏறவேண்டும். மகளிர்க்கு நெடுங்காலம் அடைபட்டிருந்த அவ்வழி, நீதிமன்றத் தீர்ப்பின் பயனாக 2019-இல் திறந்தது.

இமயம் போன்ற பெருமலைகளில் குளிரோடு மற்றொரு பகையும் சேரும். அது காற்றின் மென்மை. லடாக்கின் லே நகரம் 3500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே. 5500 மீட்டரில் அது பாதியாகும். எவரெஸ்டு முடியில் மூன்றில் ஒரு பங்காகும். மூச்சுக்கு மூச்சு நமக்குக் கிடைக்கும் பிராணவாயுவும் அவ்வாறே குறைகின்றது. லேயில் தண்ணீர் ஏறத்தாழ 88 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், பருப்பு எளிதில் வேகாது! 2500 மீட்டருக்கு மேல் விரைந்து ஏறியவர்க்குத் தலைவலி, குமட்டல், உறக்கமின்மை தோன்றலாம். இதற்கு உடல்வலிமை காப்பன்று; நல்ல ஓட்டக்காரரும் வீழ்வர். 3000 மீட்டருக்கு மேல், முந்திய நாள் உறங்கிய இடத்தைவிட ஐந்நூறு மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் மறுநாள் உறங்கலாகாது என்பது விதி. தலைவலி இருக்கும்போது மேலே ஏறுதல் கூடாது. இருந்த இடத்திலேயே மூச்சுத் திணறினாலோ, நேர்க்கோட்டில் நடக்க இயலாது தள்ளாடினாலோ, இரவென்றும் பாராமல் துணையோடு கீழே இறக்கிவிடல் வேண்டும்.

குளிரிலும் மென்காற்றிலும் நட்பு எத்தகையது என்பதற்கு 1952-ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்றைக் கூறலாம். டென்சிங் நோர்கே என்னும் செர்ப்பா வீரரும், ரேமண்டு லாம்பர்ட்டு என்னும் சுவிட்சர்லாந்து நாட்டவரும் எவரெஸ்டு மலையில் ஏறினர். லாம்பர்ட்டு, முன்னொரு மலையேற்றத்தில் உறைகுளிரால் தம் கால்விரல்களை இழந்தவர். ஒருவர் மொழி மற்றவர்க்குச் சில சொற்களுக்கு மேல் தெரியாது. மே மாத இறுதியில் ஒரு நாள் மாலை, 8400 மீட்டர் உயரத்தில் அவ்விருவர் மட்டும் ஒரு சிறு கூடாரத்தில் தங்கினர். நுழைந்து படுக்கும் பைகள் அவர்களிடம் இல்லை, அடுப்பும் இல்லை. மெழுகுவத்தியின் சுடரில் சிறிது பனிக்கட்டியை உருக்கி நாவை நனைத்துக்கொண்டனர். உறங்கினால் உறைந்துபோவோம் என்று இரவு முழுவதும் ஒருவரையொருவர் தட்டியும் தேய்த்தும் விழிக்கச் செய்தனர். (உறைந்துவிட்ட விரலைத் தேய்த்தல் சதையைக் கெடுக்கும் என்று இன்றைய மருத்துவர் தடுப்பர். அவர்கள் செய்தது உறையாமல் காக்கும் முயற்சி.)

பொழுது விடிந்ததும் மேலே ஏறினர். அவர்கள் கொண்டுசென்ற பிராணவாயுக் கருவி நடக்கும்போது சரியாக உதவவில்லை. சில அடிகள் வைப்பதும் நிற்பதுமாக, சில சமயம் கைகளையும் ஊன்றித் தவழ்வதுமாக, ஐந்து மணி நேரத்துக்கு மேல் முயன்றும் அவர்கள் கடந்த உயரம் ஏறத்தாழ இருநூறு மீட்டரே. உச்சிக்கு இன்னும் இருநூற்றைம்பது மீட்டர் அளவே எஞ்சியிருந்தது. அதுவரை எம்மனிதரும் அவ்வளவு உயரம் ஏறியதாகச் சான்று இல்லை. இன்னும் சென்றிருந்தால் உச்சியைத் தொட்டிருக்கவும் கூடும்; ஆனால் திரும்பி இறங்கும் வலிமை எஞ்சியிராது. இருவரும் அதனை உணர்ந்து திரும்பினர். மலையேற்ற வரலாற்றில் உச்சி தொட்ட நாள்களையே நாம் நினைவில் வைக்கின்றோம். என் கருத்தில், திரும்பிய அந்நாளும் அவற்றுக்குத் தாழ்ந்ததன்று.

மறு ஆண்டு டென்சிங் ஆங்கிலேயர் குழுவில் சேர்ந்தார். நியூசிலாந்து நாட்டு எட்மண்டு ஹில்லாரி அவர்க்குத் துணையானார். ஒருநாள் பனியாற்றின் பிளவொன்றில் ஹில்லாரி விழுந்தபோது, டென்சிங் தம் பனிக்கோடரியை ஊன்றி, இருவரையும் பிணைத்திருந்த கயிற்றை இறுக்கி அவரைக் காத்தார். உச்சிக்கு முந்திய இரவில் ஹில்லாரி தம் காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டார். விடிந்தபோது அவை கல்லாய் இறுகிக் கிடந்தன. அடுப்பில் காட்டி அவற்றை இளக்க இரண்டு மணி நேரம் சென்றது. டென்சிங் காலணியோடே உறங்கியிருந்தார்! 1953 மே 29 முற்பகல் பதினொன்றரை மணிக்கு இருவரும் உச்சியில் நின்றனர். அப்போது டென்சிங்கின் கழுத்தில் இருந்த சிவப்புத் துணி, லாம்பர்ட்டு அன்போடு அளித்தது. இருவருள் முதலில் கால்வைத்தவர் யார் என்று உலகம் ஓயாது வினவியது. ஒரே கயிற்றில் சென்ற இருவர்க்கு அது பொருளற்ற வினாவாகவே தோன்றியது. ஹில்லாரியே முன்சென்றார் என்பதைப் பின்னர் டென்சிங் தாமே தம் வரலாற்றில் வெளியிட்டார். 1954-இல் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையம் தொடங்கியபோது, களப்பயிற்சிக்கு அவரே தலைவரானார்.

பனியையே காணாத வெப்ப நாட்டினர்க்கு இஃது இயலுமோ என்று ஐயுற வேண்டுவதில்லை. மலேசியத் தமிழராகிய எம். மகேந்திரனும் என். மோகன்தாசும் 1997 மே 23-இல் எவரெஸ்டு உச்சியை அடைந்து, அந்நாட்டின் முதல் வீரர்களாயினர். 2023 மே மாதத்தில் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி என்னும் பெண்மணி அவ்வுச்சியை எய்தினார். ராயகிரியிலிருந்து பார்த்தால் விருதுநகர் மாவட்டம் அடுத்த வீடு போன்றது.

பெருமலையில் குளிர் பகையாவதுபோல், நம் மலைகளில் கோடைத் தீயும் பகையாகும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், கொழுக்குமலை வழியே நடைப்பயணம் சென்றோர் காட்டுத்தீயில் அகப்பட்டனர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அம்மாதத்தில் சரிவெங்கும் புல் காய்ந்து நிற்கும். தீயின் நாக்கு மேலிருக்கும் புல்லை முன்னதாகவே சூடாக்கிவிடுவதால், சரிவில் தீ மேல்நோக்கி மிக விரைந்து ஏறும். மனிதரால் அதனை ஓடி வெல்ல இயலாது. இத்துயருக்குப் பின்னர் அவ்வாண்டிலேயே தமிழக அரசு மலைநடைக்கு விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் நாற்பது வழிகளைத் தேர்ந்து, எளியன, நடுத்தரமானவை, கடியன எனப் பகுத்து, வனத்துறையின் வழியே இசைவும் பயிற்சி பெற்ற வழிகாட்டியும் பெறும் முறையைத் தொடங்கியது. அவ்வழிகாட்டிகளுட் பலர் மலையடிவாரத்திலும் காட்டிலும் பிறந்து வளர்ந்தவர்கள்.

செல்லுமுன் செய்யவேண்டிய சிறு செயல் ஒன்று உண்டு. யார் யார் செல்கின்றனர், எவ்வழியே ஏறி எவ்வழியே இறங்குவர், எந்நாள் எந்நேரத்துக்குள் திரும்புவர், அந்நேரம் கடந்தால் யாருக்குச் செய்தி சொல்லவேண்டும் என்பவற்றை ஒரு தாளில் எழுதி, ஊரில் தங்குபவர் ஒருவரிடம் கொடுத்துச் செல்லல் வேண்டும். வழியை நடுவில் மாற்றினால் அத்தாளால் பயனில்லை. திரும்பிவந்ததும், குளிப்பதற்கும் உண்பதற்கும் முன்னர், அவரிடம் வந்துவிட்டோம் என்று சொல்லிவிட வேண்டும். இல்லையேல், நாம் வீட்டில் உறங்கிக்கொண்டிருக்கும்போது, கைவிளக்குகளோடு சிலர் நம்மைத் தேடி இருட்டில் மலையேறிக்கொண்டிருப்பர்.